பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு எப்படிப் படிப்பது? மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

அரையாண்டுத் தேர்வு பேப்பர் கைக்கு வந்த பிறகுதான் கேள்விகளும் வர ஆரம்பிக்கும். டிசம்பர் வரைக்கும் "இன்னும் நாள் இருக்கு சார்" என்று சொன்ன பிள்ளைகள், ஜனவரியில் திருப்புதல் தேர்வு அட்டவணையைப் பார்த்ததும் முகம் மாறிப்போய் வந்து நிற்பார்கள். திண்டிவனம் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வருவது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். படிக்கும் முறை பற்றிய பகுதி எந்தப் பாடத்திட்டத்துக்கும் பொருந்தும்.

எத்தனை தடவை படித்தாலும் மறந்துவிடுகிறது. எனக்கு ஞாபக சக்தி கம்மியா?

இல்லை. நீ படிக்கிறாய், ஆனால் நினைவிலிருந்து எடுத்துப் பழகவில்லை. அதுதான் சிக்கல்.

அறிவியலில் முயல் பாடம் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்வோம். பல் வாய்பாட்டை நான்கு தடவை வாசித்துவிட்டாய். வெட்டும் பல், கோரைப்பல், முன்கடைவாய், பின்கடைவாய் எல்லாம் கண்ணுக்குப் பழகிவிட்டது. ஐந்தாவது தடவை பார்க்கும்போது "ஆங், இது தெரியுமே" என்று தோன்றும். இந்த "தெரியுமே" இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். புத்தகத்தை மூடு. வெள்ளைத்தாளில் எழுது. மேல்தாடையில் ஒரு பக்கம் 2, 0, 3, 3 என்று வந்துவிடுகிறது. கீழ்த்தாடைக்கு? 1, 0, அப்புறம் 2-ஆ 3-ஆ? கை அங்கே நின்றுவிடும். நிற்கிற அந்த இடம்தான் நீ படிக்க வேண்டிய இடம். திறந்து பார், 1, 0, 2, 3. கூட்டினால் ஒரு பக்கத்துக்கு 14, இரண்டு பக்கமும் சேர்த்து 28 பல். கோரைப்பல் இடத்தில் பூச்சியம் ஏன் என்று ஒரு நொடி யோசி. முயலுக்குக் கோரைப்பல்லே கிடையாது, அந்த இடம் காலியாக இருக்கும். இனி அந்தப் பூச்சியம் மறக்காது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே திரும்ப வாசித்தது. இன்னொரு குழு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

அந்த ஐந்து நிமிடக் கணக்கைக் கவனி. வாசித்தவுடன் நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் எல்லாரும் ஏமாந்து போகிறோம். உனக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லை, மார்ச்சில்.

அதனால் என் டியூஷனில் ஒரே கணக்கு: பாதி நேரம் புத்தகம் திறந்திருக்கலாம், பாதி நேரம் மூடியிருக்க வேண்டும். முதல் வாரம் பிள்ளைகளுக்கு எரிச்சலாக வரும். "சார், ஒண்ணுமே வரமாட்டேங்குது" என்பார்கள். வராமல் திணறி, யோசித்து, அப்புறம் திறந்து பார்ப்பதுதான் படிப்பு.

சத்தமாகப் படிக்க வேண்டுமா, மனதுக்குள்ளா?

உனக்கு எது வசதியோ அது. தூக்கம் வந்தால் சத்தமாகப் படி. ஆனால் தெருவே கேட்கிற மாதிரி ஒரு மணி நேரம் படித்துவிட்டு ஒரு வரிகூடப் பார்க்காமல் சொல்லிப் பார்க்கவில்லை என்றால், தெருவுக்குத்தான் மனப்பாடம் ஆகியிருக்கும்.

ஹைலைட்டரால் கோடு போட்டுப் படிக்கிறேன். அது நல்லதுதானே?

கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. 2013-இல் டன்லாஸ்கி என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் பத்து படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து எடை போட்டார்கள். கோடு போடுவதும், திரும்பத் திரும்ப வாசிப்பதும் கீழ் வரிசைக்குப் போயின. மேல் வரிசையில் நின்றவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. பக்கம் முழுக்க மஞ்சளாக இருக்கிற புத்தகத்தைப் பார்க்கும்போது, எதற்குத்தான் கோடு போடவில்லை என்று தேட வேண்டியிருக்கிறது.

இடைவெளி விட்டுப் படிப்பது என்றால் எப்படி? எனக்குப் படிக்க நேரமே போதவில்லை.

1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் ஒரு புத்தகம் வெளியிட்டார். (இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்கிய அதே வருடம். இப்போது அந்த ஆண்டும் ஞாபகம் இருக்கும்.) பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று தன்னையே வைத்து அளந்தவர் அவர். முதல் சில மணி நேரத்தில் மறதி சரசரவென்று இறங்குகிறது, அப்புறம் மெதுவாகிறது. மறக்கிற நேரம் பார்த்து ஒரு தடவை நினைவுபடுத்திக்கொண்டால் அடுத்த மறதி தாமதமாக வரும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். இன்று வகுப்பில் நடந்த பாடத்தை இன்று ராத்திரியே பத்து நிமிடம் மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. அடுத்த வாரம் ஒரு தடவை. அப்புறம் மாதம் ஒரு தடவை. இரண்டாவது தடவையிலிருந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஏனென்றால் முக்கால்வாசி வந்துவிடும், வராததை மட்டும் பார்த்தால் போதும். நேரம் போதவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஒரே பாடத்தை ஒரே நாளில் நாலு மணி நேரம் படிப்பவர்கள். அதே நாலு மணி நேரத்தை நாலு வாரத்துக்குப் பிரித்துப் போட்டால் பலன் கூடும்.

எது எந்த நாளில் என்று கணக்கு வைத்துக்கொள்வது கஷ்டம் என்றால் அட்டைப்பெட்டி முறை இருக்கிறது. 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பிரபலப்படுத்தியது. என் பிள்ளைகள் அதைப் பழைய கல்யாணப் பத்திரிகையில் செய்கிறார்கள். பின்பக்கம் காலியாக இருக்கிற பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி இரண்டிரண்டாக ஒட்டிவிட்டால் இரண்டு பக்கமும் எழுதலாம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். மூன்று ஸ்வீட் பாக்ஸ். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு தடவை, மூன்றாவது வாரம் ஒரு தடவை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பி வரும். வேதியியல் வாய்பாடுகள், கணித சூத்திரங்கள், ஒரு மதிப்பெண் கேள்விகள், ஆங்கிலச் சொற்பொருள் எல்லாவற்றுக்கும் இது பிரமாதமாக உதவும். ஏழு மதிப்பெண் கேள்விக்கு உதவாது, அதை உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

கணக்கு வீட்டில் போட்டால் வருகிறது, பரீட்சையில் வரமாட்டேன் என்கிறது. ஏன்?

எல்லாக் கேள்வியிலும் எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

நீ வீட்டில் எப்படிக் கணக்குப் போடுகிறாய்? அளவியல் பாடத்தில் உருளைப் பயிற்சியை எடுத்து வரிசையாகப் போடுகிறாய். முதல் கணக்கு உருளை, இரண்டாவது உருளை, எட்டாவதும் உருளை. அடுத்த நாள் கூம்பு, எட்டும் கூம்பு. எந்தச் சூத்திரம் என்று நீ யோசிக்கவே இல்லை, பயிற்சியின் தலைப்பே சொல்லிவிட்டது. பரீட்சையில் தலைப்பு கிடையாது. "ஒரு பாத்திரம்... அதன் மேல்புற ஆரம் இவ்வளவு, அடிப்புற ஆரம் இவ்வளவு" என்றுதான் வரும். அது இடைக்கண்டம் (நுனி வெட்டப்பட்ட கூம்பு) என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். அதை நீ ஒருநாளும் பழகவில்லை.

இதை அச்சு அசலாக நம் அளவியல் பாடத்தை வைத்தே செய்த மாதிரி ஒரு சோதனை உண்டு. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கமில்லாத நான்கு திண்ம உருவங்களின் கன அளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு உருவமாக வரிசையாகப் பயிற்சி செய்தது, இன்னொரு குழுவுக்கு நான்கையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது வரிசைக் குழு 89 சதவீதம் சரியாகப் போட்டது, கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. வரிசைக் குழு 20 சதவீதம். கலந்து போட்டவர்கள் 63.

89 எப்படி 20 ஆனது என்று யோசித்துப் பார். உன் கதையும் அதுதான்.

முதல் நாள் ஒரு வகைக் கணக்கைப் புரிந்துகொள்ள நாலைந்து வரிசையாகப் போடலாம், தப்பில்லை. அப்புறம் கலக்க வேண்டும். நான் செய்வது இது: எட்டுப் பாடத்திலிருந்தும் கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். பாடத்தின் பெயர் இருக்காது. தினமும் ஆறு சீட்டு எடுக்க வேண்டும். கணக்கைப் போடுவதற்கு முன்னால் எந்தப் பாடம், எந்த முறை என்று மேலே ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிதான் முக்கால் பங்கு வேலை.

இன்னொன்று, கைடைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடாதே. ஒவ்வொரு அடியையும் பார்க்கும்போது "சரிதான், சரிதான்" என்று தலை ஆடும். தலை ஆடினால் மார்க் வராது. ஐந்து நிமிடம் முட்டி மோதிவிட்டு, ஒரே ஒரு அடியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடு.

புத்தகத்தின் பின்னால் இருக்கிற கேள்விகளை மட்டும் படித்தால் போதுமா?

பாஸுக்குப் போதும் என்று பலர் சொல்வார்கள், ஓரளவு உண்மையும்கூட. நல்ல மார்க்குக்குப் போதாது. முன்பு ப்ளூ பிரிண்ட் இருந்தது, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று தெரியும், சில பாடங்களை அப்படியே விட்டுவிடலாம். புதிய பாடத்திட்டம் வந்ததோடு அது போயிற்று. பாடத்துக்கு உள்ளேயிருந்தும் கேள்வி வருகிறது, குறிப்பாக ஒரு மதிப்பெண்ணிலும் கட்டாயக் கேள்வியிலும்.

புக் பேக் கேள்வியை முடித்த பிறகு, பாடத்தை ஒரு தடவை ஆசிரியர் மாதிரி வாசி. "நான் கேள்வித்தாள் எடுத்தால் இந்தப் பத்தியில் என்ன கேட்பேன்?" என்று பக்கத்துக்கு இரண்டு கேள்வி பென்சிலால் ஓரத்தில் எழுது. அடுத்த தடவை பத்தியை மறைத்துக்கொண்டு ஓரத்துக் கேள்விக்குப் பதில் சொல். உங்கள் செட்டில் நாலு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு பாடம் பிரித்துக்கொண்டு ஒருவர் கேள்வியை இன்னொருவர் எழுதலாம்.

சமூக அறிவியலில் ஆண்டுகள் நிற்கவே மாட்டேன் என்கிறது.

தனித்தனி எண்ணாகப் படித்தால் நிற்காது. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி படி. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம். அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தின் நடுவில்தான் ஏப்ரல் 13 ஜாலியன் வாலாபாக். அந்தக் கோபம்தான் 1920-இல் ஒத்துழையாமை இயக்கமாகிறது. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையத்துக்குத் தீ வைக்கிறார்கள், காந்தி இயக்கத்தை நிறுத்துகிறார். நிறுத்தியது பிடிக்காமலும் சட்டமன்றத்துக்குள் போக வேண்டும் என்றும் சொன்னவர்கள் 1923-இல் சுயராஜ்ஜியக் கட்சி தொடங்குகிறார்கள். ஐந்து ஆண்டு, ஒரே கதை. காலக்கோடு கேட்டாலும் சரி, ஐந்து மதிப்பெண் கேட்டாலும் சரி, இந்தக் கதையிலிருந்து எடுத்து எழுதிவிடலாம்.

மேப்புக்கு ஒரே வழி வெற்று மேப். கடையில் கட்டாகக் கிடைக்கும். அட்லஸைப் பார்த்து அழகாகக் குறிப்பது படம் வரைவது, படிப்பு இல்லை. முதலில் பார்க்காமல் மீரட், அமிர்தசரஸ், தண்டி, வேதாரண்யம் எல்லாவற்றையும் தோன்றிய இடத்தில் வை. அப்புறம் அட்லஸைத் திற. தண்டியை மும்பைக்குக் கீழே வைத்த ஒரு பெண், அது குஜராத்தில் என்று திருத்திக்கொண்டதற்கு அப்புறம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

தமிழுக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா? நம்ம மொழிதானே?

இந்த நினைப்பாலேயே மார்க் போகிறது. மனப்பாடப் பாடலை வாயால் சொன்னால் போதாது, அடி பிரித்து, ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதத் தெரிய வேண்டும். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியாது. வாரம் இரண்டு பாடல், பார்க்காமல் எழுதி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, சிவப்பு மையில் நீயே திருத்து. இலக்கணத்தை விதியாகப் படிக்காமல் உரைநடைப் பாடத்திலேயே தொகைகளைத் தேடிப் பார்.

ஆங்கிலத்துக்கும் இதே முறைதான். கூடவே கடிதம், விளம்பரம் போன்ற கேள்விகளின் அமைப்பை நாலைந்து தடவை எழுதிப் பழகு.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிறார்களே?

ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தவனுக்கு ஏறும். பன்னிரண்டுக்குப் படுத்தவன் நாலு மணிக்கு எழுந்தால் புத்தகத்தின் மேல்தான் ஏறிப் படுப்பான். பகலில் படித்தது தூக்கத்தில்தான் கெட்டிப்படுகிறது. உங்கள் வயதுக்கு எட்டு மணி நேரமாவது தேவை. காலையா ராத்திரியா என்பது உன் வீட்டு வசதியைப் பொறுத்தது, மொத்தத் தூக்கம் குறையக்கூடாது, அவ்வளவுதான். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண் விழிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? போனை என்ன செய்வது?

மணிக் கணக்கு கேட்காதே, இன்று எத்தனை கேள்விக்குப் பார்க்காமல் பதில் எழுதினாய் என்று கணக்கு வை. அரை மணி நேரம் முழுக் கவனத்தோடு, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது என்று மூன்று நாலு சுற்று போனால் ஒரு நல்ல சாயங்காலம்.

போன் வேறு அறையில், இல்லை அம்மாவிடம். சைலன்ட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்பது ஏமாற்று வேலை. "சார், யூடியூப்ல பாடம் பாக்கறேன்" என்பவர்களுக்கு: பார், தப்பில்லை. வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, கேட்டதை அரைப் பக்கம் எழுது. எழுத முடியாவிட்டால் நீ பாடம் பார்க்கவில்லை, படம் பார்த்திருக்கிறாய்.

நான் அவ்வளவாகப் படிக்காதவள். என் பிள்ளைக்கு நான் எப்படி உதவ முடியும்?

அம்மா, நீங்கள்தான் எல்லாரையும்விட நன்றாக உதவ முடியும்.

என்னிடம் படித்த ஒரு பையனின் அம்மா பூக்கட்டி விற்பவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டும்போது, பையனை எதிரில் உட்கார வைத்து "இன்னிக்கி என்ன படிச்ச, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்பார். ஒருநாள் இதயம் பாடம். நான் எதற்கோ போயிருந்தேன், கேட்டுக்கொண்டு நின்றேன்.

"நாலு அறை இருக்கும்மா. நடுவுல வால்வு இருக்கும்."

"வால்வு எதுக்கு?"

"ரத்தம் திரும்பி வராம இருக்க."

"வந்தா என்ன?"

பையன் நிறுத்தினான். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து பார்த்தான். அம்மா நாரை விரலில் சுற்றியபடியே, "நம்ம கெணத்து மோட்டார்ல ஃபுட் வால்வு போட்ருக்கே, அது மாதிரியா? அது இல்லன்னா குழாய்த் தண்ணி எல்லாம் கெணத்துக்கே எறங்கிடும்ல?" என்றார். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் வகுப்பில் சொல்லியிருந்த விளக்கத்தைவிட அது நூறு மடங்கு தேவலை.

உங்களுக்குப் பதில் தெரிய வேண்டியதில்லை. "ஏன்?", "எதுக்கு?", "இல்லன்னா என்ன ஆகும்?" மூன்றே கேள்விதான். திணறினால் திட்டாதீர்கள், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை வீட்டில் பேசாதீர்கள். 2017-லிருந்து அரசே முதலிடம், இரண்டாமிடம் பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டது. நாம் ஏன் வீட்டில் போட வேண்டும்?

எங்கள் வீட்டில் ஒரே அறைதான். டிவி ஓடும், தம்பி அழுவான்.

பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டு வா, பல பள்ளிகளில் மாலை வகுப்பே இருக்கும். ஊர் நூலகம், கோயில் மண்டபம், தோழி வீட்டு மாடி எதுவானாலும் சரி. அட்டைகளைப் பையில் வைத்திருந்தால் பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் பத்துப் பார்க்கலாம். எழுத வேண்டிய வேலைக்கு மட்டும் அமைதியான இடம் தேடு.

இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. கணக்கில் பாஸ் ஆனால் போதும் சார்.

சரி, கணக்குப் போடுவோம். பாஸ் மார்க் 35. கேள்வித்தாளில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு. அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். ஒத்த முக்கோணம், உச்சிக்கோணம் கொடுத்து முக்கோணம், தொடுகோடு என்று வரைவதற்கு உள்ளவை சில வகைகள்தான். இதைக் கையால் முப்பது தடவை வரைந்தவனுக்கு 16 மார்க்கும் வந்துவிடலாம். ஒரு மதிப்பெண்ணில் பத்து சரியானால் 26. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து சரியானால் 36. இதற்குமேல் வருவதெல்லாம் லாபம்.

தினமும் ஒரு வடிவியல், ஒரு வரைபடம், எல்லாப் பாடத்தின் ஒரு மதிப்பெண் சுழற்சியில். காம்பஸ் முனையும் பென்சிலும் கூராக இருக்கட்டும்.

அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத்தேர்வுக்கு 75. செய்முறையில் குறைந்தது 15-ம், எழுத்தில் குறைந்தது 20-ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்குப் போகாமல் விட்டுவிட்டு அப்புறம் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தப்பை மட்டும் செய்யாதே.

தேர்வு அறையில் நேரம் போதாமல் போய்விடுகிறது.

பத்து மணிக்குக் கேள்வித்தாள் வரும். பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-லிருந்து 1.15 வரை எழுத. அந்தப் பத்து நிமிடத்தைப் பலர் சும்மா புரட்டிக் கழிக்கிறார்கள். முதலில் கட்டாயக் கேள்வியைப் பார். கணக்கிலும் சமூக அறிவியலிலும் 28, 42-ஆம் எண் கேள்விகள். அறிவியலில் 22, 32. அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதினால் அந்த மார்க் போனதுதான். அப்புறம், எந்தக் கேள்விகளை விடப்போகிறாய் என்று மனதில் முடிவு செய்துகொள்.

மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம், 100 மார்க். கடைசிக் கால் மணி நேரத்தைத் திருப்பிப் பார்க்க ஒதுக்கினால் ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல். ஐந்து மதிப்பெண் கணக்குக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டால் இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. இதை அறையில் முதல்முறை செய்ய முடியாது. பிப்ரவரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து, காலை 10.15-க்கே உட்கார்ந்து எழுதிப் பழகு. மூன்று மணி நேரம் விடாமல் எழுத விரலுக்கும் பழக்கம் வேண்டும்.

வெளியே வந்ததும் ஒரு மதிப்பெண் விடையைச் சரிபார்க்கிற கும்பலில் நிற்காதே. நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு.

ஃபெயில் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆனாலும் வருடம் போகாது. ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் அதே வருடம் துணைத் தேர்வு நடக்கும். தவறிய பாடத்தை மட்டும் எழுதித் தேறினால் அதே கல்வியாண்டில் பிளஸ் ஒன் சேரலாம். பயம் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குப் போனால் வீட்டில் சொல், இல்லை வகுப்பாசிரியரிடம் சொல். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண், 14416 மனநல ஆலோசனைக்கானது. இரண்டுக்கும் காசு கிடையாது. பெயர் கெட்டுவிடும் என்று யோசிக்காதே, கூப்பிடு.

எந்தப் பேனாவில் எழுத வேண்டும்? கலர் பேனா கொண்டு போகலாமா?

வேண்டாம். கேள்வித்தாளின் மேலேயே அச்சிட்டிருக்கும்: எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை மட்டும், படத்துக்குப் பென்சில். ஜனவரியிலிருந்து எதில் எழுதிப் பழகினாயோ அதே பேனாவில் மூன்று எடுத்துப் போ. புதுப் பேனாவுக்குச் சாமி கும்பிட்டு அன்றைக்குத்தான் திறப்பார்கள், அது முதல் பக்கத்திலேயே மையைக் கக்கும்.